டேங்க் குண்டுக்கு ஏன் இன்னும் தூரம் கேக்குறாங்க? புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம்

ஆர்மி செலக்‌ஷனுக்கு ரெடியாகுற நம்ம காரைக்குடி பசங்க சில பேரு ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க. "அண்ணே, டேங்க்ல இருந்து மிசைல் சுடுறாங்களாமே, அவ்ளோ பெரிய பீரங்கி இருக்கும்போது அது எதுக்குண்ணே?" நியாயமான கேள்விதான். ஒவ்வொருத்தனுக்கா பதில் சொல்றதுக்கு மொத்தமா எழுதிடுறேன். நான் ராணுவத்துல இருந்தவன் கிடையாது, ரொம்ப வருஷமா இதையே படிச்சுக்கிட்டு இருக்குற ஒரு கிறுக்கு, அவ்வளவுதான்.

மொதல்ல டேங்க் பீரங்கி என்ன பண்ணுதுன்னு பாத்துருவோம். இன்னைக்கு பெரிய டேங்க்குக எல்லாத்துலயும் 120 மிமீ இல்லாட்டி 125 மிமீ பீரங்கிதான். நம்ம நாட்டுல வடிவமைச்ச அர்ஜுன் டேங்க்ல 120, ரஷ்ய டேங்க்குகளான டி-90லயும் டி-72லயும் 125. எதிரி டேங்க்க உடைக்க முக்கியமா ரெண்டு வகை ரவுண்டு, அதாவது குண்டு, உண்டு. ஒண்ணு சபோட், அதாவது வெடிமருந்தே இல்லாத ஒரு கனமான உலோக அம்பு, டங்ஸ்டன் மாதிரி உலோகத்துல செஞ்சது, செகண்டுக்கு 1,600 மீட்டர் ரேஞ்சுல பறந்து போய் வேகத்தாலயே கவசத்த குத்தி உள்ள போகும். இன்னொண்ணு ஹீட் ரவுண்டு, அதுல வெடிமருந்துக்கு முன்னாடி கூம்பு மாதிரி ஒரு செம்பு லைனர் இருக்கும், வெடிச்ச உடனே அந்த செம்பு ஒரு ஊசி மாதிரி தாரையா பீச்சி கவசத்துல ஓட்ட போடும். இந்த வித்தியாசத்த நல்லா மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவப்படும். சபோட்டுக்கு வேகம்தான் உயிரு, தூரம் போகப்போக வேகம் குறையும், குத்துற பலமும் குறையும். ஹீட்டுக்கு அப்படி இல்ல, மெதுவா வந்து முட்டுனாலும் அதே ஓட்டதான், 500 மீட்டர்ல சுட்டாலும் சரி 5 கிலோமீட்டர்ல சுட்டாலும் சரி.

இப்ப தூரத்துக்கு வருவோம். காரைக்குடிக்குள்ள ஒரு டேங்க் நிக்குதுன்னு வச்சுக்கங்க. சாதாரண ரவுண்ட வச்சு நம்பிக்கையா அடிக்கிற தூரம் ரெண்டு, மூணு கிலோமீட்டர், அதாவது ஊர் எல்லைய தாண்டுறதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு. கோட்டையூர் ஏறக்குறைய அஞ்சு கிலோமீட்டர், அங்க அடிச்சா அதிர்ஷ்டமும் திறமையும் சேந்து வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். 1991 வளைகுடா போர்ல ஒரு பிரிட்டிஷ் சேலஞ்சர் டேங்க் நாலரை கிலோமீட்டருக்கும் மேல இருந்த இராக் டேங்க்க அடிச்சத இன்னைக்கு வரைக்கும் சாதனையா பேசுறாங்கன்னா பாத்துக்கங்க. குன்றக்குடி பத்து கிலோமீட்டர். இப்ப ராணுவங்க ஆசைப்படுறது கோட்டையூர்ல ஆரம்பிச்சு குன்றக்குடி வரைக்கும் உள்ள தூரத்துக்குத்தான்.

அட, பீரங்கி குண்டு பத்து கிலோமீட்டர் போகாதான்னு கேப்பீங்க. போகும். பேரல தூக்கி வச்சு சுட்டா தாராளமா போகும். போறது பிரச்சனையே இல்ல, போய் எங்க விழுதுங்கிறதுதான் பிரச்சன. கணக்க பாருங்க, மூணு கிலோமீட்டர் போக சபோட்டுக்கு ரெண்டு செகண்டு கிட்ட ஆகும், அந்த ரெண்டு செகண்டுல புவியீர்ப்பு அத 20 மீட்டர் வரைக்கும் கீழ இழுத்துடும், இத கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்கு போட்டு பேரல தூக்கி வச்சுக்கும், அது ஈஸி. ஆனா அதே ரெண்டு செகண்டுல மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல ஓடுற எதிரி வண்டி 16, 17 மீட்டர் நகந்துருக்கும். அதையும் கணக்கு போடலாம், அவன் நேராவே போனா. திடீர்னு பிரேக் போட்டான்னா குண்டு வெறும் மண்ணுலதான். இதுபோக பக்கக் காத்து, வெடிமருந்தோட சூடு, பேரல் தேஞ்சது, இதெல்லாம் வேற. வெயில்ல பேரலோட ஒரு பக்கம் மட்டும் சூடாச்சுன்னா பேரலே லேசா வளையும் தெரியுமா? அதுக்காகத்தான் பேரல் மேல ஒரு உறை மாதிரி சுத்தி இருக்கும், போட்டோவுல பாத்துருப்பீங்க, அழகுக்குன்னு நெனச்சிருப்பீங்க.

துல்லியத்த மில்லுன்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, ஒரு மில் விலகுனா ஒரு கிலோமீட்டர்ல ஒரு மீட்டர் விலகும், அவ்ளோதான் கணக்கு. நல்ல பீரங்கி, நல்ல குண்டுன்னு சும்மா ஒரு பேச்சுக்கு 0.3 மில் செதறல்னு வைங்க. ரெண்டு கிலோமீட்டர்ல 60 சென்டிமீட்டர், டேங்க் மேலயே விழும். எட்டு கிலோமீட்டர்ல அது ரெண்டரை மீட்டர் பக்கம் ஆயிடும், டி-90 உயரமே ரெண்டேகால் மீட்டர்தான். அதுலயும் இது பீரங்கியோட செதறல் மட்டும், காத்து, எதிரி நகர்றது எதையும் சேக்கல. இதுக்கு ஒரே வழி, குண்டு கெளம்புனதுக்கு அப்பறமும் அத திருத்திக்கிட்டே போகணும். வழிகாட்டும் குண்டுங்கிறது இவ்வளவுதான். ரெக்கையோ சின்ன ராக்கெட்டோ வச்சு வழியில தன்னத்தானே திருத்திக்கிற குண்டு.

எப்படி திருத்துதுங்கிறதுல மூணு வழி இருக்கு.

மொத வழி ரஷ்யாக்காரன் வழி. டேங்க்ல இருந்து ஒரு லேசர் கதிர் எதிரிய பாத்து போகும், மிசைலோட வால்ல ஒரு ரிசீவர் இருக்கும், அது பின்னாடி திரும்பி டேங்க்க பாத்துக்கிட்டே "நான் கதிருக்கு நடுவுல இருக்கேனா, எடது பக்கம் போயிட்டேனா"ன்னு கண்டுபிடிச்சு நடுவுக்கு வந்துக்கிட்டே இருக்கும். டி-90ல இருக்குற ரெஃப்ளெக்ஸ் இந்த ஜாதிதான், அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் போகும். ரிசீவர் பின்பக்கம் பாக்குறதால எதிரி ஜாம் பண்றது, அதாவது சிக்னல குழப்பி விடுறது, கஷ்டம். ஆனா ஒரு தொல்லை இருக்கு, மிசைல் சபோட் மாதிரி பறக்காது, அஞ்சு கிலோமீட்டர் போக பதினஞ்சு செகண்டுக்கும் மேல ஆகும், அது வரைக்கும் கன்னர், அதாவது பீரங்கிய குறி பாத்து சுடுறவரு, குறிய எதிரி மேலயே வச்சுக்கிட்டு இருக்கணும். பதினஞ்சு செகண்டு உக்காந்து எண்ணிப் பாருங்க, சும்மா வீட்டுல இருக்கும்போதே நீளமாத்தான் தெரியும், இதுல எதிர்ல ஒருத்தன் உங்கள தேடிக்கிட்டு இருக்கான்.

ரெண்டாவது, லேசர் புள்ளி வழி. இதுல மிசைலோட மூக்குல கண்ணு இருக்கும். யாராவது ஒருத்தர் எதிரி மேல லேசர் புள்ளி வச்சா போதும், அது பட்டு திரும்புற வெளிச்சத்த புடிச்சுக்கிட்டு மிசைல் போய் சேந்துரும். அந்த யாராவதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. சுடுற டேங்க்கேதான் புள்ளி வைக்கணும்னு இல்ல, வேற ஒரு டேங்க்கோ, ஹெலிகாப்டரோ, முன்னாடி பதுங்கி இருக்குற சிப்பாயோ, மேல பறக்குற ட்ரோனோ வைக்கலாம். இஸ்ரேலோட லஹாட் இந்த வகை, எட்டு கிலோமீட்டர் வரைக்கும் சொல்றாங்க, நம்ம அர்ஜுன்ல கூட அத வச்சு சுட்டுப் பாத்தாங்க.

மூணாவது, சுட்டுட்டு மறந்துடுற வகை. தென் கொரியா தன்னோட கே2 டேங்க்குக்காக ஒண்ணு பண்ணியிருக்கு, குண்டு மேல போய், பாராசூட்ல மெதுவா எறங்கிக்கிட்டே ரேடார் வச்சு கீழ டேங்க் இருக்கான்னு தானே தேடும், இருந்தா மேல இருந்து அடிக்கும். டேங்க்கோட தலைப்பக்கம்தான் கவசம் மெல்லிசு, முன்பக்கத்துல இருக்குற கனத்துல கொஞ்சம்தான் இருக்கும், அதனால மேல இருந்து அடிக்கிறதுன்னா எல்லாருக்கும் ஆச.

ஐடியா ஒண்ணும் புதுசு இல்லைங்க. அமெரிக்காக்காரன் 1960கள்லயே ஷெரிடன்னு ஒரு இலகு டேங்க்ல 152 மிமீ பீரங்கி வச்சு அதுலயே ஷிலேலாங்கிற மிசைலயும் சுடுற மாதிரி பண்ணான். சாதாரண குண்டு சுட்டா அந்த உதறல்ல மிசைலுக்கான எலக்ட்ரானிக்ஸ் ஆட்டம் கண்டுச்சு, கிட்டத்துல இருக்குற எதிரிய மிசைலால அடிக்கவும் முடியல, வியட்நாமுக்கு 1969ல அத அனுப்பும்போது மிசைலே இல்லாமத்தான் அனுப்புனாங்க. கடைசியா 1991 வளைகுடா போர்ல கொஞ்சூண்டு சுட்டாங்க, அதோட சரி. அமெரிக்கா அதுக்கப்பறம் நல்ல கம்ப்யூட்டர், நல்ல தெர்மல் சைட் (சூட்ட வச்சு எதிரிய காட்டுற குறி பாக்குற கருவி), நல்ல சபோட்னு அந்தப் பக்கம் போயிருச்சு.

சோவியத் யூனியன் கதை வேற. அவங்க பீரங்கிக்கு தூரத்துல அந்தளவு துல்லியம் கிடையாது, எதிர்ல நேட்டோகாரன் டோங்கிற டேங்க் எதிர்ப்பு மிசைல வச்சுக்கிட்டு மூணே முக்கால் கிலோமீட்டர்ல உக்காந்துருக்கான், அவன் சுடுற தூரத்துக்கு நம்ம பீரங்கி எட்டாதுங்கிற பயம். அதனால 1976 வாக்குல டி-64பில கோப்ராங்கிற மிசைல் வந்துச்சு, அப்பறம் டி-80, டி-72பி, டி-90ன்னு வரிசையா எல்லாத்துக்கும். டேங்க்க வேட்டையாடுற ஹெலிகாப்டர அடிக்கவும் ஒரு ஆயுதம் கெடச்ச மாதிரி ஆச்சு.

நம்ம நாடு 2001ல டி-90 வாங்க ஆரம்பிச்சப்ப இந்த டெக்னாலஜியும் கூடவே வந்துச்சு. இன்வார்னு அந்த ரெஃப்ளெக்ஸ் மிசைலோட மேம்பட்ட வகைய ஹைதராபாத்ல இருக்குற பாரத் டைனமிக்ஸ் லைசென்ஸ்ல செய்யுது. அர்ஜுனுக்கு நம்ம ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ தனியா ஒண்ணு பண்ணுது, லேசர்ல வழிகாட்டுற மிசைல், அதோட ஆய்வகங்களான புனே ஏஆர்டிஇயும் ஹெச்இஎம்ஆர்எல்லும், டேராடூன் ஐஆர்டிஇயும் சேந்து செஞ்சது. 2020 செப்டம்பர் 22ந் தேதி அகமதுநகர்ல அர்ஜுன்ல இருந்து சுட்டு மூணு கிலோமீட்டர்ல இருந்த இலக்க அடிச்சாங்க, 2022 ஆகஸ்ட்லயும் சோதனை நடந்துச்சு. ஒன்றரை கிலோமீட்டர்ல இருந்து அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் அடிக்கிறதுதான் அதோட வேலை. அர்ஜுன் பொறந்த எடம் நம்ம ஆவடிங்கிறது எல்லாருக்கும் தெரியும்.

அது என்ன "ஒன்றரை கிலோமீட்டர்ல இருந்து"ன்னு யாராவது கவனிச்சீங்களா? மிசைலுக்கு கீழ் வரம்பும் உண்டு. குழல விட்டு வெளிய வந்து, ரெக்கை விரிஞ்சு, கதிரையோ புள்ளியையோ புடிச்சு ஒரு நெலைக்கு வர கொஞ்ச தூரம் வேணும். அதுக்குள்ள இருக்குற எதிரிக்கு பழைய சபோட்தான். அதனால மிசைல் வந்துருச்சு, சாதாரண குண்டு காலி அப்படின்னெல்லாம் யாராவது வீடியோவுல கத்துனா நம்பாதீங்க.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான எடத்துக்கு வர்றேன். தூரமா போற குண்டு செய்யிறது கஷ்டம்தான், ஆனா அத விட கஷ்டம் தூரமா பாக்குறது. டேங்க்ல கன்னரோட சைட் தரையில இருந்து ரெண்டு, ரெண்டரை மீட்டர் ஒசரத்துல இருக்கு, மேடு பள்ளமே இல்லாத தரையிலயே அந்த ஒசரத்துல இருந்து அஞ்சரை கிலோமீட்டர்ல தொடுவானம் முடிஞ்சுரும், அதுக்கு அங்கிட்டு நிக்கிறத பூமியே கீழ இருந்து கொஞ்சங்கொஞ்சமா மறைக்க ஆரம்பிச்சுரும். நம்ம செட்டிநாட்டு வீட்டுல முகப்புல நின்னு பாத்தா வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி பின் வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டுல தெரியும், ஆனா அந்த கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற அறைகள்ல யாரு இருக்கான்னு முகப்புல நிக்கிறவனுக்கு தெரியவே தெரியாது. டேங்க் பீரங்கி அந்த முகப்புல நிக்கிறவன் மாதிரி, நேர்கோட்டுல என்ன தெரியுதோ அதத்தான் அடிக்கும்.

நெசமான தரையில அந்த அஞ்சரை கிலோமீட்டரும் கெடைக்காது. நம்ம பக்கத்தையே பாருங்க, காரைக்குடில இருந்து தேவகோட்டை வரைக்கும் வழி நெடுக சீமக்கருவேலம், கண்மாய்க் கரை, ஊரு, தோப்பு. ரெண்டு கிலோமீட்டர் தடங்கல் இல்லாம தெரியிற எடம் தேடணும், ஒருவேள அந்த ரெண்டாம் உலகப்போர் காலத்து செட்டிநாடு ரன்வேல நின்னா கொஞ்சம் தெரியலாம். பஞ்சாப் எல்லையும் கிட்டத்தட்ட இப்படித்தான், வயலு, கால்வா, மரம், கிராமம். ராஜஸ்தான் பாலைவனத்துல பரவால்ல, தூரம் தெரியும், ஆனா அங்கயும் மணல் மேடு இருக்கு. லடாக்ல 2020ல டி-90, டி-72 எல்லாம் கொண்டு போய் நிறுத்துனாங்களே, அங்க பள்ளத்தாக்குல தூரம் நல்லா தெரியும், காத்து மெல்லிசுங்கிறதால குண்டு போற பாதையும் மாறும், கடும் குளிர்ல வெடிமருந்தோட வேகமும் மாறும், அங்க வழியிலயே தன்னத் திருத்திக்கிற குண்டு இருந்தா நல்லதுதான்.

குன்றக்குடி மலை மேல ஏறி நின்னா சுத்துப்பட்டு ஊரெல்லாம் தெரியுதில்ல, அந்த ஒசரத்துல இருக்குற கண்ணுதான் டேங்க்குக்கு இவ்வளவு நாளா இல்லாதது. இப்ப அந்த கண்ணு ட்ரோன் ரூபத்துல மலிவா கெடச்சுருச்சு. அதனாலதான் அம்பது வருஷத்துக்கும் மேல பழைய இந்த ஐடியா மறுபடி சூடு புடிச்சிருக்குன்னு நான் நெனைக்கிறேன். ட்ரோன் பாக்கும், லேசர் புள்ளி வைக்கும், மேட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிற டேங்க் எதிரிய பாக்காமலே சுடும். சுடுற டேங்க்க எதிரியும் பாக்க முடியாது, அதான் பெரிய லாபம்.

இந்த லாபத்த அமெரிக்கா முன்னாடியே கணக்கு போட்டுச்சு. எம்ஆர்எம்னு, 120 மிமீ பீரங்கில இருந்து 12 கிலோமீட்டர் வரைக்கும் போற வழிகாட்டும் குண்டு ஒண்ண ரேதியான் கம்பெனி பண்ணுச்சு, சோதனையில எட்டு கிலோமீட்டர தாண்டி ஒரு டி-72வ அடிச்சும் காட்டுச்சு. ஆனா அது ஃபியூச்சர் காம்பாட் சிஸ்டம்ஸ்னு ஒரு பிரம்மாண்ட திட்டத்தோட பகுதி, 2009ல அந்த திட்டத்தையே மூடிட்டாங்க, கூடவே இதுவும் போச்சு. அப்ப ஆப்கானிஸ்தான், இராக்னு சண்ட, எதிர்ல டேங்க் படையே இல்ல, யாருக்கு வேணும் 12 கிலோமீட்டர்?

2022க்கு அப்பறம் உக்ரைன்ல நெலம தலைகீழ். டேங்க் எதிர்ப்பு மிசைல்கள்ல கையில தூக்கிட்டுப் போற ஜாவலினே ரெண்டரை கிலோமீட்டர், ரஷ்யாவோட கோர்னெட் அஞ்சரை கிலோமீட்டர், இதுக்கு மேல பத்து கிலோமீட்டர் தாண்டி பறந்து வந்து முட்டுற எஃப்பிவி ட்ரோன் (அதோட கேமரா வழியா பாத்துக்கிட்டே ஓட்டுறது), விலையோ ஒரு நல்ல போன் வெல. டேங்க் தன்னோட மூணு கிலோமீட்டர் தூரத்துக்கு போறதுக்குள்ளயே அத நாலு பேரு பாத்துட்டான், ரெண்டு பேரு அடிச்சுட்டான். ரெண்டு பக்கமும் டேங்க்க பின்னாடி நிறுத்தி பேரல தூக்கி வச்சு ஆர்ட்டிலரி, அதாவது தூரத்துல இருந்து சுடுற பீரங்கிப் படை மாதிரி சுட ஆரம்பிச்சுட்டாங்க, குத்துமதிப்பா விழும், ஆனா ஆளு பொழைக்கும். அத பாத்துட்டுத்தான் பல ராணுவமும், சரி, பின்னாடி இருந்துதான் சுடணும்னா குறி பாத்து விழுற மாதிரி ஒரு ரவுண்டு குடுங்கன்னு கேக்குது.

ஆர்ட்டிலரிக்கு ஏற்கனவே வழிகாட்டும் குண்டு இருக்கே, எக்ஸ்காலிபர், கிராஸ்னோபோல்னு, நாமளும்தான் வச்சிருக்கோம், அதையே டேங்க்குக்கு சின்னதா பண்ணா என்னன்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. டேங்க் குழலுக்குள்ள குண்டுக்கு கெடைக்கிற தள்ளு ரொம்ப மோசமானது, புவியீர்ப்ப போல பல ஆயிரம் மடங்கு. அந்த ஒதைய லென்சு, எலக்ட்ரானிக் சில்லு, ரெக்கை எல்லாம் தாங்கணும். ரஷ்யாக்காரன் இதுல ஒரு தந்திரம் பண்ணான், மிசைலுக்கு மட்டும் கம்மியான வெடிமருந்து வச்சு மெதுவா வெளிய துப்பி, அப்பறம் மிசைலோட சொந்த ராக்கெட் தள்ளுற மாதிரி. அதனாலதான் அது மெதுவா பறக்குது. ஜிபிஎஸ் நம்பி போறதும் இப்ப தலவலி, உக்ரைன்ல ரஷ்யாவோட ஜாமிங்ல எக்ஸ்காலிபரே தடுமாறிச்சு. ஓடுற டேங்க்க அடிக்க ஜிபிஎஸ் எப்படியும் பத்தாது.

இன்னொரு சின்ன விஷயம், நம்ம ஊருக்காரங்களுக்கு புடிக்கும். இந்த மிசைல் பத்து வருஷம் கெடங்குல தூங்கும், ஒரு நாள் சுடுற நொடியில கரண்ட் வேணும். சாதா பேட்டரி அதுக்குள்ள செத்துரும். அதுக்கு தெர்மல் பேட்டரின்னு ஒண்ணு வைப்பாங்க, உள்ள இருக்குற உப்பு கெட்டியா இருக்குற வரைக்கும் அது வெறும் கட்டி, சுடும்போது உள்ளயே ஒரு சூட்டுக் கலவ பத்தி உப்ப உருக்கும், ஒடனே முழு கரண்ட் வரும், சில நிமிஷம் இருந்தா போதும். எலக்ட்ரோகெமிஸ்ட்ரின்னு நம்ம ஊரு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி வாசல்ல போர்டு பாத்து "இதெல்லாம் எதுக்குப்பா படிக்கிறாங்க"ன்னு கேட்டவங்களுக்கு, இந்த மாதிரி எடத்துக்கும்தான் அந்த படிப்பு.

காசு பெரிய தடங்கல். ஒரு மிசைல் வெலைக்கு சாதா ரவுண்டு எத்தனையோ வாங்கலாம், அதனால பயிற்சில சிப்பாய்ங்க நெசமா சுடுற வாய்ப்பே ரொம்ப கம்மி, பெரும்பாலும் சிமுலேட்டர்தான். எடமும் தடங்கல், டி-90ல தானா குண்டு போடுற ஆட்டோலோடர்ல 22 ரவுண்டுதான் தயாரா சுத்தும், அதுல மிசைலுக்கு குடுக்குற ஒவ்வொரு எடமும் சபோட்டுகிட்ட இருந்து புடுங்குனது. எத்தன வைக்கிறதுங்கிறது எந்த எல்லையில நிக்கிறோம்ங்கிறத பொறுத்தது, பாலைவனத்துல கூட வைக்கலாம், பஞ்சாப்ல அவ்ளோ வேணாம்னு எனக்கு தோணுது.

கடைசியா ஒரு கொழப்பம், நானே இன்னும் முடிவு பண்ணாதது. மிசைல எதுக்கு குழல் வழியா சுடணும், டேங்க் மேல தனியா ஒரு பெட்டி வச்சா ஆகாதா? குழல் வழின்னா மிசைல் கவசத்துக்குள்ள பத்திரமா இருக்கும், ஆளு வெளிய வராம லோடு பண்ணலாம், வெளிய பெட்டின்னா ஒரு ஷெல் துண்டு பட்டாலே போச்சு. ஆனா குழல் வழின்னா மிசைலோட அகலம் 120, 125 மிமீக்குள்ள அடங்கணும், ஹீட்டுக்கு கூம்பு அகலம்தான் பலம்னு இருக்குறப்ப 152 மிமீ கோர்னெட்டோட அது போட்டி போடவே முடியாது. நம்ம புது இலகு டேங்க் ஜோராவர், 2024 ஜூலைல ஹசிராவுல காட்டுனாங்களே, அதுல 105 மிமீ பீரங்கியும் இருக்கு, டரட், அதாவது பீரங்கியோட சுத்துற மேல்பகுதி, பக்கத்துல தனியா மிசைல் பெட்டியும் இருக்கு. அப்ப டிஆர்டிஓகாரங்களே அர்ஜுனுக்கு குழல் வழி, ஜோராவருக்கு வெளிப்பெட்டின்னு ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்காங்க. 25 டன் வண்டில பெட்டி தாங்குமா, லடாக் குளிர்ல வெளிய கெடக்குற மிசைல் என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆர்ம்டு கோர் (டேங்க் படை) அண்ணன்மாரு யாராவது இருந்தா சொல்லுங்க, நானும் கத்துக்கிறேன்.